போர்க்களத்தின் நடுவே ஒரு பிடி உணவு: பயாபிரா தரும் பாடம்

பசித்தவனுக்கு உணவு கொடுப்பது சரீர சம்பந்தமான இரக்கச் செயல்களுள் முதலாவது என்று சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தோம். வாசலில் வந்து நிற்கும் ஒருவருக்கு ஒரு பிடி சோறு கொடுப்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இருப்பதைக் கொடுத்தால் போதும். ஆனால் பசித்திருப்பவர்கள் இலட்சக்கணக்கானோராகவும், அவர்கள் இரு படைகளுக்கு நடுவே அகப்பட்டவர்களாகவும் இருந்தால் அதே இரக்கச் செயல் வேறு உருவம் எடுக்கிறது. யாரிடம் அனுமதி கேட்பது? எந்த வழியால் கொண்டு செல்வது? கொண்டு செல்லும் உணவைத் துவக்கு ஏந்தியவன் உண்டுவிட்டால் என்ன செய்வது? கண்ணால் கண்ட கொடுமையை வெளியே சொல்வதா, சொல்லாமல் இருந்து உணவைத் தொடர்ந்து கொடுப்பதா?

இக்கேள்விகளுக்கு நல்ல மனம் மட்டும் விடை தராது. போர் நடக்கும் நாட்டில் நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்குவோர் ஒவ்வொரு நாளும் இவற்றுக்கு விடை காண வேண்டியவர்களாக இருக்கின்றனர். இவ்வாரப் பாடத்தில், 1967 முதல் 1970 வரை ஆபிரிக்காவில் நைஜீரியா நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரின்போது திருச்சபைகளும் செஞ்சிலுவைச் சங்கமும் செய்த பணியை எடுத்து ஆராய்வோம். அதில் பெரும் துணிவும் உண்டு. இன்றுவரை தீராத விவாதமும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமை பெறும்.

1. போர் மூண்ட வரலாறு

பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த நைஜீரியா 1960ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி சுதந்திரம் பெற்றது. வடக்கில் பெரும்பாலும் இஸ்லாமியரான ஹவுசா, ஃபுலானி மக்களும், மேற்கில் யொருபா மக்களும், கிழக்கில் பெரும்பாலும் கிறிஸ்தவர்களான இக்போ மக்களும் வாழ்ந்தனர். இவர்களை விடச் சிறிய இனங்கள் பல இருந்தன. 1966 ஜனவரியில் ஓர் இராணுவப் புரட்சியும் அதே ஆண்டு யூலையில் அதற்கு எதிரான மற்றொரு புரட்சியும் நடந்தன. அவ்வாண்டில் வடக்கில் வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியவர்கள் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு கிழக்கே தம் பூர்வீக ஊர்களுக்கு ஓடி வந்தனர்.

1967ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி கிழக்கு மாகாண இராணுவ ஆளுநர் ஒஜுக்வு, கிழக்கு நைஜீரியாவைப் பயாபிரா என்ற தனி நாடாகப் பிரகடனம் செய்தார். நைஜீரிய சமஷ்டி அரசின் தலைவர் யாக்குபு கோவன் இதை ஏற்கவில்லை. யூலை 6ஆம் திகதி போர் தொடங்கியது. அப்பகுதியில் எண்ணெய் வளம் இருந்தமையால் வெளிநாடுகளும் தத்தம் நலம் கருதி ஒவ்வொரு பக்கம் சாய்ந்தன. பிரித்தானியாவும் சோவியத் நாடும் சமஷ்டி அரசுக்கு ஆயுதம் வழங்கின. பிரான்சு பயாபிராவுக்கு மறைமுகமாக உதவியது.

2. முற்றுகையும் பசியும்

1968 மே மாதத்தில் போட் ஹார்கோட் துறைமுகம் சமஷ்டிப் படையின் கையில் வீழ்ந்தது. அதன்பின் பயாபிராவுக்குக் கடல் வழி இல்லை. நாற்புறமும் படைகள் சூழ, நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போன ஒரு நிலத்துண்டுக்குள் பல இலட்சம் மக்கள் அடைபட்டுப் போயினர்.

அவர்களுடைய அன்றாட உணவு மரவள்ளிக் கிழங்கும் வள்ளிக் கிழங்கும். கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் உடலை வளர்க்கும் புரதம் அதில் மிகக் குறைவு. முன்னர் அக்குறையை வடக்கிலிருந்து வந்த மாட்டிறைச்சியும் நோர்வே நாட்டிலிருந்து வந்த காய்ந்த மீனும் நிரப்பின. போர் இரண்டையும் நிறுத்தியது. கடற்கரை பறிபோனதால் உப்பும் கிடைக்கவில்லை.

இதன் விளைவாகக் குழந்தைகளிடையே 'குவாஷியோர்க்கர்' என்னும் நோய் பரவியது. மேற்கு ஆபிரிக்கக் கரையில் பணிபுரிந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1930களில் அவ்வூர் மக்களின் மொழியிலிருந்து இப்பெயரை எடுத்து மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இந்நோய் கண்ட குழந்தையின் காலும் முகமும் வீங்கும், வயிறு முன்தள்ளும், தலைமயிர் நிறம் மாறிச் செம்பட்டையாகும், தோல் உரியும். எல்லாவற்றிலும் மோசமான அறிகுறி, பிள்ளை அழுவதையும் விளையாடுவதையும் நிறுத்திவிட்டு வெறித்துப் பார்த்தபடி கிடப்பதாகும். உணவு கொடுத்தாலும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும். இந்நிலையில் உள்ள பிள்ளைக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுப்பதும் உயிருக்கு ஆபத்து. சிறிது சிறிதாக, அடிக்கடி, பொறுமையோடு ஊட்ட வேண்டும். ஆகவே உணவு மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்கினால் மட்டும் போதாது; ஊட்டுவதற்குப் பயிற்சி பெற்ற கைகளும் வேண்டியிருந்தன.

1968ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இப்பிள்ளைகளின் படங்கள் ஐரோப்பியப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் வெளிவந்தன. ஆபிரிக்கப் பஞ்சம் ஒன்றின் காட்சி மேலைநாட்டு வீடுகளின் வரவேற்பறைகளுக்குள் இவ்வளவு பரவலாகச் சென்றது அதுவே முதல் தடவை எனலாம்.

3. இரவில் பறந்த விமானங்கள்

இக்போ நாட்டில் அயர்லாந்து நாட்டுப் பரிசுத்த ஆவி சபைக் குருக்கள் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தனர். போர் வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் மக்களை விட்டுப் போகவில்லை. பங்குகள், பாடசாலைகள், கன்னியர் மடத்து மருத்துவமனைகள் என ஊருக்கு ஊர் அமைந்திருந்த இவ்வேற்பாடு பின்னர் உணவு விநியோகத்துக்கு ஆயத்தமான பாதையாக அமைந்தது.

1968ஆம் ஆண்டின் முற்பகுதியில் கரித்தாஸ் நிறுவனம் அப்போது போர்த்துக்கேயர் வசம் இருந்த சாவோ தோமே தீவிலிருந்து உணவும் மருந்தும் அனுப்பத் தொடங்கியது. அப்பணியை வண. பிதா அந்தோனி பேர்ன் நடத்தினார். பின்னர் புரட்டஸ்தாந்து சபைகளும் சேர்ந்துகொள்ள, 'கூட்டுத் திருச்சபை உதவி' என்ற அமைப்பு உருவாயிற்று. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் பிற சபையினரும் ஒரே களஞ்சியத்தில் நின்று ஒரே விமானத்துக்கு மூட்டை ஏற்றினர். யூத அமைப்புகளும் பொருள் தந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆன அக்காலத்தில் இது சிறிய காரியமன்று. இவ்வமைப்பின் ஆங்கில முதலெழுத்துகள் இயேசு கிறிஸ்து என்ற பெயரின் முதலெழுத்துகளோடு பொருந்தியதால், விமானிகள் இதனை 'இயேசு கிறிஸ்து விமான சேவை' என்று வேடிக்கையாக அழைத்தனர்.

விமானங்கள் இறங்கிய இடம் ஊலி. அது உண்மையான விமான நிலையம் அன்று; நெடுஞ்சாலை ஒன்றின் ஒரு பகுதியை அகலமாக்கி அமைத்த ஓடுபாதை. பகலில் இறங்கினால் நைஜீரிய விமானங்கள் தாக்கும். ஆகவே பொழுது சாய்ந்த பின் கடல்மேல் பறந்து வந்து, விமானம் தரையை நெருங்கும் சில விநாடிகள் மட்டும் பாதை விளக்குகளை ஏற்றி, இறங்கியதும் அணைத்துவிடுவர். இருட்டில் மூட்டைகளை இறக்கி லொறிகளில் ஏற்றி, விடியுமுன் காட்டு மரங்களின் கீழ் மறைக்க வேண்டும். மேலே குண்டுவீச்சு விமானம் வட்டமிடும் இரவுகளிலும் இது நடந்தது. வேலை மும்முரமாக இருந்த காலத்தில் ஒரே இரவில் முப்பது, நாற்பது தடவைகள் விமானங்கள் வந்திறங்கின.

திருச்சபைகளின் விமானங்கள் மட்டும் 5,000க்கு மேற்பட்ட தடவைகள் பறந்து ஏறத்தாழ 60,000 தொன் பொருளைக் கொண்டு சேர்த்தன. இப்பணியில் இருபதுக்கும் மேற்பட்ட விமானிகளும் உதவியாளரும் உயிர் துறந்தனர். செஞ்சிலுவைச் சங்கம் தனியாக ஒரு விமான சேவையை நடத்தியதோடு, சமஷ்டி அரசின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலும் பெருமளவு உதவி வழங்கியது.

4. தலைமை தாங்கியோர் முன் நின்ற கேள்விகள்

முதலாவது, அனுமதி. சமஷ்டி அரசு தன் வான்வெளியில் தன் அனுமதியின்றி எவரும் பறக்கக்கூடாது என்றது. செஞ்சிலுவைச் சங்கம் இரு தரப்பினதும் இணக்கத்தைப் பெற முயன்று, காத்திருந்து, மீண்டும் முயன்றது. திருச்சபைகளோ பிள்ளைகள் இறந்துகொண்டிருக்கையில் காத்திருக்க முடியாது எனப் புறப்பட்டன. ஒருவர் சட்டத்தை முன்வைத்தார்; மற்றவர் அவசரத்தை முன்வைத்தார். இருவரையும் குறை கூறுவது எளிது. ஆனால் அனுமதியைப் பெற்றவனுக்கு இரு பக்கமும் கதவு திறந்திருக்கும் என்பதையும், அனுமதிக்குக் காத்திருந்த நாட்களில் இறந்த பிள்ளை திரும்பி வராது என்பதையும் ஒருசேர நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கலப்பு. ஆரம்ப நாட்களில் திருச்சபைகளிடம் சொந்த விமானம் இல்லை. பயாபிராவுக்கு ஆயுதம் ஏற்றிச் சென்ற வாடகை விமானக்காரரிடமே இடம் வாங்க வேண்டியிருந்தது. பின்னர் தமக்கென விமானங்களைப் பெற்றபோதும், ஆயுத விமானங்களும் உணவு விமானங்களும் ஒரே இரவில் ஒரே ஓடுபாதையில் இறங்கின. மேலிருந்து பார்ப்பவனுக்கு எது பால்மா, எது துவக்கு என்று தெரியாது. ஆயுத விமானங்களுக்கு உணவு விமானங்கள் மறைப்பாகின்றன என்பது சமஷ்டி அரசின் முறைப்பாடு. அதில் உண்மை இல்லை என்று கூற முடியாது.

மூன்றாவது, நடுநிலை. சுவீடன் நாட்டு விமானி கவுண்ட் ஃபொன் ரோசன் 1968 ஓகஸ்டில் எதிரியின் பீரங்கிகளை ஏமாற்றித் தாழப் பறந்து உணவு கொண்டு சேர்த்து, மற்ற விமானிகளுக்கு வழிகாட்டினார். அதே மனிதர் 1969 மே மாதத்தில் சிறிய விமானங்களில் றொக்கெட்டுகளைப் பொருத்திக்கொண்டு பயாபிராவின் பக்கம் நின்று நைஜீரிய விமானத் தளங்களைத் தாக்கினார். அவர் அப்போது நிவாரணப் பணியில் இருக்கவில்லை. எனினும் நேற்று உணவு கொண்டு வந்த கை இன்று குண்டு கொண்டு வருகிறது என்று மறு தரப்பினர் நினைத்தால் அதற்கு யார் பதில் சொல்வது? இரக்கத்தால் தூண்டப்பட்டுக் கோபத்தில் முடிந்த இக்கதை, நடுநிலை காப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது.

நான்காவது, பேசுவதா மௌனமா என்பது. இரகசியம் காத்தால்தான் கதவு திறக்கும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் நெடுநாள் வழக்கம். அச்சங்கத்தின் கீழ் பயாபிராவில் பணிபுரிந்த பிரெஞ்சு மருத்துவர்கள் சிலருக்கு அது பொறுக்கவில்லை. கண்டதைச் சொல்லாத சாட்சி எப்படிச் சாட்சியாவான் என்று அவர்கள் கேட்டனர். அவர்களுள் சிலரும் வேறு மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து 1971 டிசெம்பரில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினர். இவ்விரு வழிகளும் இன்றும் அருகருகே நிற்கின்றன. உலகுக்கு இரண்டும் தேவைப்படுகின்றன.

5. அடைபட்ட வழிகள்

1969 யூன் 5ஆம் திகதி செஞ்சிலுவை விமானம் ஒன்றை நைஜீரியப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்தோர் இறந்தனர். செஞ்சிலுவைச் சங்கம் தன் பறப்புகளை நிறுத்தியது. அப்பணியின் தலைவரான சுவிற்சலாந்து நாட்டவர் ஒகுஸ்ற் லின்ற் அதே மாதத்தில் நைஜீரிய அரசால் ஏற்கத்தகாதவர் என அறிவிக்கப்பட்டார். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையாளராக முன்னர் பணியாற்றிய அனுபவம் மிக்கவர் அவர். அனுபவமும் நற்பெயரும் இருந்தும், இரு தரப்பின் சந்தேகத்துக்கு நடுவே நிற்பவருக்கு எந்நேரமும் நிலம் நழுவலாம் என்பதற்கு இது சான்று.

இதற்கிடையில் வேறு வழிகளும் பேசப்பட்டன. தரை வழியாக ஒரு பாதை திறக்கலாம் என்றது சமஷ்டி அரசு. அப்பாதையால் படை வரும், உணவில் நஞ்சு கலக்கப்படும் என்று பயாபிரா மறுத்தது. பரிசோதனைக்குப் பின் பகலில் விமானங்களை விடலாம் என்று 1969 செப்டெம்பரில் சமஷ்டி அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் உடன்பட்டன. பகல் விமானத்தைத் தொடர்ந்து எதிரி விமானம் வரும் என்று பயாபிரா அதையும் ஏற்கவில்லை. ஒரு பக்கத்தில் பட்டினியும் போரின் நியாயமான ஆயுதமே என்று சமஷ்டி அரசின் உயர்மட்டத்திலேயே பேசப்பட்டது. மறு பக்கத்தில் தன் மக்களின் பசியை உலகின் அனுதாபத்துக்கான முதலாகத் தலைமை பயன்படுத்தியது. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1969இல் உகண்டா நாட்டுக்குச் சென்றபோது இரு தரப்புப் பிரதிநிதிகளையும் சந்தித்துச் சமாதானம் செய்ய முயன்றார். அதுவும் கைகூடவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பசியால் இறந்த பிள்ளைகளை உணவு இல்லாமை மட்டும் கொல்லவில்லை. உணவு களஞ்சியத்தில் இருந்தது, விமானமும் இருந்தது. பெரியவர்களின் மானமும் பயமும் வழியை மறித்து நின்றன.

6. உதவி போரை நீட்டியதா?

போர் 1970 ஜனவரி 15ஆம் திகதி பயாபிரா சரணடைந்ததோடு முடிந்தது. இறந்தோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் ஐந்து இலட்சம் முதல் இருபது இலட்சத்துக்கும் மேல் வரை வேறுபடுகின்றன. பெரும்பாலோர் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள்.

அதன்பின் ஒரு கடுமையான கேள்வி எழுந்தது. நிவாரண அமைப்புகள் பயாபிராவுக்குள் செலவுசெய்த வெளிநாட்டுப் பணம் அந்த அரசின் கைக்கு அந்நியச் செலாவணியாகச் சேர்ந்தது. அதனால் ஆயுதம் வாங்க முடிந்தது. உணவு வந்ததால் படையும் நிலைத்து நின்றது. ஆகவே உதவி போரை நீட்டி, அதிகம் பேர் இறக்கக் காரணமாயிற்று என்று சிலர் வாதிடுகின்றனர். மற்றவர்கள், அந்த உணவு இல்லாவிடில் அன்றே இறந்திருக்கும் பல இலட்சம் பிள்ளைகளை யார் கணக்கில் எடுப்பது என்று கேட்கின்றனர்.

இரு வாதங்களிலும் உண்மை உண்டு. இருந்தாலும் இரண்டும் ஒரே நிறை உடையவை அல்ல. ஊட்ட வேண்டிய பிள்ளை கண்முன்னே இருக்கிறது. போர் எவ்வளவு காலம் நீளும் என்பதோ ஊகம். ஊகத்தின் பேரில் ஒரு பிள்ளையைச் சாகவிடுவதற்கு எவருக்கும் அதிகாரம் இல்லை. அதே வேளையில், பிள்ளையின் பெயரால் கொண்டு செல்லும் பணமும் பொருளும் எங்கே போகின்றன என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வதற்கும் எவருக்கும் உரிமை இல்லை. கொடுப்பதை நிறுத்துவது விடையாகாது. எவ்வழியாகக் கொடுத்தால் பிள்ளைக்கு அதிகமும் துவக்குக்குக் குறைவும் போய்ச் சேரும் என்று ஓயாமல் தேடுவதே தலைவரின் கடமை.

போருக்குப்பின் கோவன், வென்றவர் தோற்றவர் என்ற பேதம் இல்லை என அறிவித்தார். பலரும் அஞ்சிய பெரும் படுகொலை நடக்கவில்லை. ஆனால் பயாபிராவுக்கு உதவிய திருச்சபை அமைப்புகளின் உதவியை அவருடைய அரசு ஏற்க மறுத்தது. அங்கே இருந்த வெளிநாட்டுக் குருக்களும் கன்னியரும் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். ஒவெரி மறைமாவட்ட ஆயர் ஜோசப் வீலன் ஆண்டகையும் அவர்களுள் ஒருவர். உணவு மிகவும் தேவைப்பட்ட அந்த வாரங்களில் அதைப் பகிர்ந்தளிக்க அறிந்திருந்தவர்கள் இல்லாமற் போயினர். ஒரு பக்கத்தில் மட்டும் நின்று செய்த உதவிக்கு மக்கள் கொடுக்க நேர்ந்த விலை இது.

7. பின்னர் பிறந்த விதிகள்

பயாபிராவின் துயரம் வீண்போகவில்லை. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, குழந்தைகளுக்கும் கர்ப்பவதிகளுக்கும் உரிய உணவை விட வேண்டும் என்று கூறியபோதும், அது நாடுகளுக்கிடையிலான போருக்கே பொருந்தியது. பல நிபந்தனைகளும் அதில் இருந்தன. 1977ஆம் ஆண்டின் மேலதிக உடன்படிக்கைகள், உள்நாட்டுப் போரிலும் பொதுமக்களைப் பட்டினி போடுவதை ஒரு போர் முறையாகக் கையாளக்கூடாது எனத் தடைசெய்தன. 2018இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை தன் 2417ஆம் இலக்கத் தீர்மானத்தால் அதைக் கண்டித்தது. 2019இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டமும், உள்நாட்டுப் போரில் பட்டினி போடுவதைப் போர்க் குற்றங்களுள் சேர்க்கும் வகையில் திருத்தப்பட்டது.

போரை நிறுத்த முடியாவிடினும் சில மணி நேரம் துவக்கை மௌனமாக்கலாம் என்பதும் கண்டறியப்பட்டது. 1985இல் மத்திய அமெரிக்காவின் எல்சல்வடோர் நாட்டில், கத்தோலிக்கத் திருச்சபையின் நடுநிலை முயற்சியால் அரசும் கெரில்லாக்களும் மூன்று தனித்தனி நாட்களில் போரை நிறுத்தினர். அந்நாட்களில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. 1989இல் சூடான் நாட்டில் யுனிசெவ் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட், அரசோடும் கிளர்ச்சிப் படையோடும் பேசி, இருவரும் ஒப்புக்கொண்ட பாதைகளால் உணவு அனுப்ப வழி செய்தார். இருளில் ஒளித்துப் போகாமல் பகலில் சொல்லிவிட்டுப் போவது அம்முயற்சியின் சிறப்பு. அங்கும் பின்னர் இரு தரப்பும் அவ்வழியைத் தம் வசதிக்குத் திறந்தும் மூடியும் பார்த்தன. 1998இல் அரசு விமானங்களைத் தடைசெய்த வாரங்களில் தென் சூடானில் பஞ்சம் மோசமாயிற்று. விதி இருந்தால் மட்டும் போதாது. அதை நாள்தோறும் பேசிக் காப்பவர் வேண்டும்.

8. தலைவரின் அன்றாட வேலை

பெரிய கொள்கைகளைப் பார்த்தோம். ஆனால் நிவாரணப் பணித் தலைவரின் நாளில் பெரும்பகுதி கணக்குப் பார்ப்பதிலேயே போகிறது. ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் மா என்று வைத்தால், 10 தொன் மா 25,000 பேருக்கு ஒரு நாளைய உணவு. பத்தில் ஒரு மூட்டை வழியில் காணாமற் போனால் 2,500 பேர் அன்று பட்டினி. களஞ்சியப் பதிவேட்டில் ஒரு வரி பிழைத்தால் ஒரு முகாமே பசித்திருக்கும். ஆகவே கணக்குப் புத்தகத்தைச் சரியாக வைத்திருப்பதும் இரக்கச் செயலே.

ஆரவாரமின்றிச் செய்யவேண்டிய வேறு கடமைகளும் அவருக்கு உண்டு. கொடுப்பதற்குமுன் யாருக்கு என்ன தேவை என்று வீடு வீடாகக் கேட்டறிய வேண்டும். வரிசையில் பலசாலி முன்னே நிற்பான். விதவையும் முதியவரும் நோயாளியும் பின்னே நிற்பர், அல்லது வரவே மாட்டார்கள். அவர்களைத் தேடிப் போக வேண்டும். பிள்ளைகளுக்கு உரியதைச் சமைத்து அவ்விடத்திலேயே ஊட்டினால் அது வேறு கைக்குப் போவது குறையும். பங்கு எவ்வளவு என்பதை எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டினால் களவு குறையும். முறைப்பாடு செய்பவரை நன்றி கெட்டவர் என்று துரத்தாமல் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். துவக்கோடு வருபவனைக் களஞ்சியத்துக்குள் விடக்கூடாது. ஆனால் அவனோடு பேச்சை முறித்துக்கொள்ளவும் கூடாது, நாளைய லொறி அவனுடைய சாவடியைக் கடந்தே போக வேண்டும். வெளிநாட்டவர் திரும்பிப் போகும்போது பணி நின்றுவிடாதபடி உள்ளூர் மக்களிடம் பொறுப்பை முதலிலிருந்தே கொடுத்துவர வேண்டும். பயாபிராவிலும் இருட்டில் மூட்டை சுமந்தவர்களும், லொறி ஓட்டியவர்களும், பிள்ளைகளுக்கு ஊட்டியவர்களும் பெரும்பாலும் அந்நாட்டு மக்களே. அவர்களுடைய பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

தன் பணியாளரின் உயிரும் தலைவரின் பொறுப்பு. விமானியைத் துணிந்து போ என்று சொல்வது ஒன்று. இன்றிரவு போகவேண்டாம் என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லவும் துணிவு வேண்டும்.

9. நமக்கு என்ன?

நம் நாட்டிலும் பல குடும்பங்கள் முகாம்களில் வாழ்ந்தவை; பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றவை. உதவி பெறும் கையின் கூச்சம் நமக்குத் தெரியும். அதனாலேயே உதவி கொடுக்கும் கை எப்படி இருக்க வேண்டும் என்பதும் நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

லூக்காஸ் நற்செய்தியில் வரும் நல்ல சமாரியன் உவமையை எல்லோரும் அறிவோம். அவன் காயத்துக்கு எண்ணெய் வார்த்ததைப் பற்றிப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அவன் அத்தோடு நிற்கவில்லை. அடிபட்டவனைச் சுமந்து செல்ல வாகனம் கொடுத்தான். தங்க இடம் பார்த்தான். சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான். மேலதிகச் செலவைத் திரும்பி வரும்போது தீர்ப்பதாகப் பொறுப்பேற்றான். அடிபட்டவன் எந்த இனம் என்று மட்டும் அவன் விசாரிக்கவில்லை. இரக்கம், ஏற்பாடு, கணக்கு, தொடர்ந்த பொறுப்பு, பாரபட்சமின்மை ஆகிய ஐந்தும் அச்சிறு உவமைக்குள் அடங்கியிருக்கின்றன. இன்று போர் நடக்கும் நாடுகளில் பணிபுரிவோர் பெரிய நூல்களில் படிப்பதும் இவற்றையே.

நம் பங்கில் வெள்ள நிவாரணம் சேர்க்கும்போதும், தவக்காலக் காணிக்கை கொடுக்கும்போதும், அயல் வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி அனுப்பும்போதும் இவ்வைந்தையும் கடைப்பிடிக்க முடியும். நமக்கு ஆகாதவர் வீட்டுப் பிள்ளையின் பசியும் பசியே என்று ஏற்கும் மனம் அதற்கு முதலில் வேண்டும்.

குடும்பத்தில் கூடிச் சிந்திக்க:

1. அனுமதி கிடைக்கும்வரை காத்திருந்தவர், காத்திராமல் புறப்பட்டவர் ஆகிய இருவரில் யார் பக்கம் உங்கள் மனம் சாய்கிறது? ஏன்?

2. உதவிப் பொருளில் ஒரு பகுதி ஆயுதம் ஏந்தியவர்களுக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்தால் உதவியை நிறுத்துவீர்களா? வேறு என்ன வழி தேடுவீர்கள்?

3. உங்கள் குடும்பம் உதவி பெற்ற ஒரு வேளையில் உதவியவர்கள் உங்களை எவ்விதம் நடத்தினார்கள்? அதிலிருந்து பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்ளலாம்?

4. உங்கள் ஊரில் வரிசைக்கே வராமல் வீட்டுக்குள் பசித்திருப்பவர் யார்? இவ்வாரத்தில் அவரை யார் போய்ப் பார்ப்பது?